மலையில் பூத்த உப்பு

எங்கள் வீட்டில் உப்பை முதலில் கண்டுபிடிப்பவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்படுகிற விஷயமா அது? ஆனாலும் உண்மை உண்மைதானே.

வேதாரண்யம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். அடுப்பில் துவரம்பருப்பு வேகாமல் அடம் பிடித்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், போர் தண்ணீரில் உப்பு ஏறுகிறது என்று. "பருப்பு பழசு" என்றார் என் வீட்டுக்காரர் வேல்முருகன். கடைக்காரரிடம் போய்ச் சண்டை வேறு போட்டுவிட்டு வந்தார். சோப்பு நுரைக்கவில்லை என்றேன். வேறு சோப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார். தென்னங்கீற்றெல்லாம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்ததைக் காட்டினேன். "வெயில் ஜாஸ்தி" என்றார். ஒரு நாள் விடிகாலையில் வாய்க்கால் ஓரமும் வயலின் தாழ்ந்த மூலையும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தபோதுதான் அவருக்கு வாயடைத்துப் போனது. வரப்பில் குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? போர் வண்டிக்காரருக்கு போன் போட்டு, இன்னும் ஆழமாக இறக்கலாமா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகக் கிடக்கும். அதற்குக் கீழே கடல் தண்ணீர். ஆறு ஓடி, வாய்க்கால் நிறைந்து, குளத்தில் நின்று பூமிக்குள் இறங்கினால்தான் மேல் தண்ணீர் கொஞ்சம் தடிக்கும். கடைமடையில் இருக்கிற எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வருவதெல்லாம் பேருக்குத்தான். இதில் ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருப்பது மேலே ஏறி வராமல் என்ன செய்யும்? "இன்னும் ஆழத்துக்குப் போனா கடலையேதான் மொண்டு குடிக்கணும்" என்று கத்தினேன். கேட்டால்தானே. புது போரில் ஒரு மழைக்காலம் வரைக்கும் நல்ல தண்ணீர் வந்தது. "பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த கோடையில் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க முடியவில்லை.

என் மகள் சரண்யாதான் பாவம். குடிதண்ணீர் லாரி வருகிற நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது. சைக்கிள் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பாள். முதல் பீரியட் கணக்கு. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது, கணக்கு எப்படி வரும், அவள்தான் லாரிக்குப் பின்னால் நிற்கிறாளே என்று வாய்வரை வந்துவிட்டது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி. அழவும் மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேல்முருகன் கொஞ்ச நாள் லோடு வண்டி ஓட்டினார். வேதாரண்யத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு போவார், திரும்பும்போது மலைக் காய்கறி எடுத்து வருவார். அங்கே பழக்கமானவர்தான் பூம்பாறை ஈஸ்வரன். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வயல் வைத்திருந்தார், பாடுபட ஆள் இல்லை. வாரத்துக்குப் பூண்டு போடுகிறீர்களா, விளைந்ததில் பாதிக்குப் பாதி என்று கேட்டிருக்கிறார். இவர் வந்து என்னிடம் சொன்னார். நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். நான் வருகிறேன், பாப்பா இப்போது வேண்டாம். அந்த ஊர்த் தண்ணீரை நான் நம்பின பிறகுதான் பாப்பா வரும்.

சரண்யாவை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, தீபாவளி முடிந்த கையோடு மலையேறினோம். ஊற்றுத் தண்ணீரை முதல் நாள் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, கீழே துப்பினேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஈஸ்வரனின் மனைவி புவனா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊருத் தண்ணியத் துப்புறீங்களே யக்கா?" என்றாள். என் வயதுதான் இருக்கும், வாயும் என் வாய்தான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டையில்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பருப்பு குழைந்தது. பூண்டு முளைத்துப் பச்சையாக எழும்பியது. சாயங்காலம் போனில் சரண்யா கேட்பாள்: "எப்பம்மா கூப்டுக்குவ?" பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பொங்கலுக்குப் பிறகு எனக்கே மனசு இளகி, போய் டி.சி. வாங்கி அழைத்து வாருங்கள் என்று இவரை அனுப்பிவைத்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பேசியாகிவிட்டது. இவர் அந்தப் பக்கம் பஸ் ஏறினார், இந்தப் பக்கம் பூண்டுத் தாளின் நுனி மஞ்சளாகக் கருக ஆரம்பித்தது.

தென்னையில் பார்த்த அதே கருகல். புவனாவிடம் காட்டினேன். "குளிருக்கு அப்படித்தான் ஆகும், போட்டுட்டு வேற சோலியப் பாருங்க" என்றாள். பருப்பு பழசு என்று ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

அவர்கள் வர வேண்டிய அன்று வெள்ளனே எழுந்துவிட்டேன். மகளுக்குப் பிடிக்குமே என்று வயலோரத்தில் போட்டிருந்த பீன்ஸைப் பறிக்கக் கிளம்பினேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அப்படி ஒரு குளிரை அதுவரைக்கும் நான் பட்டதில்லை. காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, சாக்ஸ் போட்ட காலைச் செருப்பில் திணித்துக்கொண்டு, படிப்படியாக வயல் வரப்புகளில் இறங்கினேன். மேல் அடுக்குகளில் ஒன்றும் இல்லை. நடு அடுக்கைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது.

கீழே ஓடையை ஒட்டிய கடைசி அடுக்கு முழுக்க வெள்ளை. வரப்பு வெள்ளை. வாய்க்கால் ஓரம் வெள்ளை. பூண்டுத் தாள் மேலெல்லாம் பொடி தூவினாற்போல வெள்ளை. மேட்டில் இல்லாமல் பள்ளத்தில் மட்டும், தண்ணீர் ஓடுகிற வழியை ஒட்டி மட்டும். உப்பு பூப்பது அப்படித்தான். எங்கள் ஊரில் அதை எத்தனை விடிகாலையில் பார்த்திருக்கிறேன்! இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது? என் கண்ணுக்குத் தெரியாத உப்பா?

மலைக்கு எப்படி வந்தது, கடல் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்றெல்லாம் யோசிக்க எனக்குப் புத்தி ஓடவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. டி.சி. வாங்கியாகிவிட்டது. பாப்பா வந்துகொண்டிருக்கிறாள்.

வயலில் சிக்னல் கிடைக்காது. குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் போனால்தான் கிடைக்கும். மூச்சு வாங்க மேலே ஏறி அங்கே போய் நின்று போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"வத்தலக்குண்டு வந்துட்டோம். டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறோம். பாப்பா இங்கயே ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் சொல்லு, போன்ல சார்ஜ் இல்ல" என்றார். குரலில் அவ்வளவு குதூகலம்.

"ஏங்க, பஸ் ஏறாதீங்க."

"என்னா?"

"உப்பு வந்துட்டுங்க."

"எங்க?"

"இங்கதான். நம்ம வயல்ல. கீழ் அடுக்கு பூரா பூத்துக் கெடக்கு."

"மலையில எப்புடி உப்பு வரும்?" என்றார்.

"பருப்பு வேவாதப்பவும் இப்படித்தான் கேட்டீங்க."

"தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார்.

"நான் எப்ப தெரியாம சொல்லியிருக்கேன்? பாப்பாவ திருப்பி அழச்சிக்கிட்டுப் போங்க. ஹெட்மாஸ்டர் கால்ல விழுந்தாவது டி.சி.ய திருப்பிக் கொடுத்துச் சேத்துடுங்க. லாரித் தண்ணின்னாலும் பாப்பா அங்க ஒரு எடத்துல இருக்கு. இங்க வந்து இன்னொரு தடவ அது எல்லாத்தையும் பாக்க வேணாம்."

பின்னால் சரண்யா, "அப்பா, கொடைக்கானல் பஸ் வந்துட்டுப்பா!" என்று கத்துவது கேட்டது. அவர் "சரி" என்றார். போன் அணைந்துவிட்டது.

கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். நிலத்துக்காக அழவில்லை. ஊரில் நிலம் போனபோதே அந்த அழுகையெல்லாம் தீர்ந்துவிட்டது. வேர்க்க வேர்க்க ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிற என் பிள்ளையிடம் இவர் என்ன சொல்வார், எப்படிச் சொல்வார் என்று நினைத்துத்தான் அழுகை வந்தது. அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்றுதானே சொல்லுவார்? நானும் அதைத்தானே சொன்னேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். வீட்டிலிருந்து மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கினேன். மேலே படிந்த உப்பை முதலில் சுரண்டி அள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் விட்டு அலசி வடியவிட வேண்டும். சுரண்டாமல் தண்ணீரை விட்டால் உப்பு கரைந்து வேருக்கு இறங்கிவிடும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அங்கே போனால், புவனா ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளை மேலேயே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறாள்!

"யக்கா, எங்க போனீங்க? எத்தன தடவ கூப்புடுறது? வெயில் வந்துரும், வெரசா வாங்க. அந்த ஓரத்துப் பைப்பப் புடிங்க" என்று என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"தண்ணி விடாத! நிறுத்து புவனா!"

"விடாம? பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப் போய் ஹோஸை மடக்கிப் பிடித்தேன். அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன். பைப் திமிறி இரண்டு பேர் தலையிலும் தண்ணீரை அடித்தது. அந்தக் குளிரில் அந்தத் தண்ணீர் விழுந்ததும் எனக்கு உயிர் போய் வந்தது. "கிறுக்கு புடிச்சிருச்சா யக்கா ஒங்களுக்கு?" என்று அவள் பல் கிட்டிக்கொண்டு திட்டினாள். நான் மண்வெட்டியை எடுத்துப் பூண்டு வரிசைக்கு நடுவில் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"ஐயையோ, பூண்டக் கொத்துறாங்களே! எதுக்கு யக்கா கொத்துறீங்க? என்னத்த அள்ளப் போறீங்க கூடையில?"

"உப்ப!"

"என்னாது?"

"உப்பு பூத்திருக்கே, கண்ணு தெரியலியா ஒனக்கு? நுனி கருகுதுன்னு அன்னிக்கே சொன்னேன். குளிருன்ன. இப்பப் பாரு."

புவனா ஹோஸைக் கீழே போட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பூண்டுத் தாளை உருவி, அதில் ஒட்டியிருந்த வெள்ளையை வழித்து, என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நல்லாப் புடிங்க. புடிச்சிக்கிட்டே இருங்க" என்றாள்.

சுருக்கென்று குத்தியது. பிறகு ஈரமாகியது. கையைத் திறந்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் தண்ணீர் மட்டும் ரேகையில் நின்றது.

"நக்கிப் பாருங்க" என்றாள் புவனா.

நக்கினேன். உப்பு இல்லை. கரிக்கவில்லை, கசக்கவில்லை, எதுவுமே இல்லை. குனிந்து வரப்பிலிருந்து இன்னொரு விரல் வழித்து வாயில் வைத்தேன். சில்லென்று கரைந்து போனது. வாய்க்கால் ஓரத்தில் எடுத்துப் பார்த்தேன். மண்வெட்டி முனையில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மண் ருசி, அவ்வளவுதான். எனக்குத் திருப்தி வரவில்லை. அடுக்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் போய் ஒவ்வொரு இடத்திலும் நக்கிப் பார்த்தேன்.

"பனி யக்கா இது. உறஞ்ச பனி. தை மாசம் வானம் வெளுத்துச்சுன்னா பள்ளத்துல இப்படித்தான் எறங்கி உக்காரும். வெயில் படுறதுக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவிரணும், இல்லாட்டி பீன்ஸெல்லாம் வெந்தாப்புல கருகிப் போகும். அதுக்குத்தான இந்தப் பாடு படுறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உப்பாம்ல! இந்த அடுக்கு முழுக்க மேஞ்சிட்டீங்களே யக்கா. ஆடு கூட இப்படி மேயாது!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஊரில் போர் மேல் போர் போட்டு, தென்னையைப் பறிகொடுத்து, என் பிள்ளையைப் பிரிந்து இருந்த அத்தனை காலமும் நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்த ஏதோ ஒன்று பொலபொலவென்று உதிர்ந்த மாதிரி இருந்தது. ஹோஸை எடுத்து மூலை மூலையாக அடித்தேன். வெள்ளை போய்ப் பச்சை பச்சையாக எழுந்து வந்தது. மலைமுகட்டில் வெயில் எட்டிப் பார்க்கும்போது கடைசி வரிசையையும் கழுவிவிட்டோம். "பூண்டு தாங்கிக்கும், கவலப்படாதீங்க" என்றாள் புவனா. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, பாப்பா!"

போன் போட்டதைப் புவனாவிடம் சொன்னதும் அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. இரண்டு பேரும் நனைந்த சேலையோடு கோயில் பக்கம் ஓடினோம். போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். சுவிட்ச் ஆஃப். தங்கைக்குப் போட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, "ஏறி வந்துருப்பாங்கக்கா" என்றாள். அவர் சரி என்று சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே அப்படியெல்லாம் திரும்பிப் போவாரா யக்கா? ஒங்க பேச்ச எப்பக் கேட்டாரு அவரு? நீங்கதான சொல்லுவீங்க" என்றாள் புவனா.

"இன்னிக்குக் கேட்டுட்டாரு புவனா. சரின்னு சொன்னாரு. அவரு வாயில சரின்னு ஒரு வார்த்த வந்து நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல."

பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சேலையாவது மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள், கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்கவில்லையே, கேட்கவில்லையே என்று அந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியவள், இன்றைக்கு மட்டும் கேட்டிருக்கக் கூடாது என்று குழந்தை வேலப்பரை வேண்டிக்கொண்டு நின்றேன். சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

கொடைக்கானலிலிருந்து பஸ் வந்தது. பூண்டு மூட்டை இறங்கியது, கேமரா மாட்டிய பையன்கள் இறங்கினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒரு அம்மா இறங்கினார். அவ்வளவுதான். நான் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஸ்வெட்டர் போட்ட பெண் பிள்ளையும் அப்பாவும் ஏறினார்களா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"பஸ்ஸுல பாதிப்பேரு ஸ்வெட்டர்தாம்மா. யாருன்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தார்.

பஸ் போன பிறகு ரோடு வெறிச்சென்று இருந்தது. புவனா டீ வாங்கிக்கொண்டு வந்து கையில் திணித்தாள். குடிக்க முடியவில்லை. அவர்கள் இந்நேரம் திண்டுக்கல் தாண்டியிருப்பார்கள். பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அழாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். இதற்கு மேல் நான் வா என்று கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளை நம்புமா? நாளைக்கே நான் இறங்கிப் போய்க் கூட்டி வந்துவிடுவேன், அதெல்லாம் சரிதான். ஆனால் இன்றைக்கு அவளுக்கு நேர்ந்ததை யார் திருப்பி எடுப்பது? என் கண்ணின் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வெயில் நன்றாக ஏறி என் சேலை காய்ந்துகொண்டிருந்தபோது அடுத்த பஸ் வளைவில் திரும்பியது. நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பார்த்துவிட்டு ஏமாறுவதற்குப் பார்க்காமலே இருக்கலாம் என்று தோன்றியது. புவனாதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முதலில் சரண்யா இறங்கினாள். அவள் சித்தியின் ஸ்வெட்டர் முழங்கால் வரை தொங்கியது. இறங்கியதும் "அம்மா!" என்று ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா நனஞ்சிருக்க?" என்றாள். அவள் தலையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தேன்.

அவளுக்குப் பின்னால் வேல்முருகன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினார். "வெரசா எறக்குய்யா, வண்டி போகணும்ல" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். இவர் எதையோ கட்டிப் பிடித்து இழுத்து இறக்கினார். பார்த்தால் பெரிய தண்ணீர் கேன். இருபது லிட்டர் கேன், மூடி பிரிக்காதது. இந்த மலைக்கு, ஓடை ஓடுகிற ஊருக்கு, கீழேயிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

"எதுக்குங்க இது?"

"குடிக்கத்தான். உப்பு வந்துட்டுன்னியே" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "மலைக்கு பிளாஸ்டிக் கொண்டாரக் கூடாதாம், சின்ன பாட்டில்னா செக்போஸ்ட்டுல புடுங்கிடுவாங்களாம். அதான் கேனா வாங்கிட்டேன். முதல் பஸ்ஸுல இத ஏத்த மாட்டேன்னுட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி இதுல வந்தோம்."

"நான் திரும்பிப் போகச் சொன்னேன். நீங்க சரின்னீங்க."

"உப்புன்னு சொன்னதுக்குத்தான் சரின்னேன். நீ சொல்லி எது பொய்யாப் போச்சு? ஒவ்வொரு தடவையும் நீதான் சரி, நான்தான் கேக்கல. இதையாவது நம்புவோம்னு நெனச்சேன்." கேனின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "ஆனா திரும்பிப் போயி என்னா பண்றது, பூங்கொடி? அங்கயும் உப்பு, இங்கயும் உப்பு. அது இருக்கட்டும், மூணு பேரும் ஒரே எடத்துல கெடப்போம்னு பாப்பாகிட்ட சொன்னேன். அதுவும் சரின்னுச்சு. ஏறிட்டோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் தூங்காத கண். அந்த மனுஷன் உப்பு என்று நிஜமாகவே நம்பிக்கொண்டுதான் மலையேறி வந்திருக்கிறார். இனிமேல் விளையாது என்று தெரிந்துகொண்டு, குடிக்கத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு, என்னிடம் வந்திருக்கிறார்.

"நான் தப்பாப் பாத்துட்டேங்க" என்றேன்.

"என்னா?"

"உப்பு இல்ல. பனி. உறஞ்சு போயி வெள்ளையாக் கெடந்திருக்கு. நான் தொட்டுக்கூடப் பாக்கல."

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். புவனா அதுவரைக்கும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றவள், "ஒரு பொட்டு உப்பு இல்லண்ணே. யக்கா வயலு பூரா நக்கிப் பாத்துட்டாங்க, சந்தேகம்னா வந்து நீங்களும் ஒரு தடவ நக்குங்க" என்றாள். சரண்யா வாய்விட்டுச் சிரித்தாள்.

வேல்முருகன் சிரிக்கவில்லை. ரோட்டோரத்தில் கேனைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய் நின்று முதுகில் கை வைத்தேன். அவர் நம்பாத நாளிலெல்லாம் நான் சொன்னது பலித்தது. நம்பிய அன்றைக்குப் பொய்யாகப் போனது. தோற்றுப் போனதற்கு ஒருத்திக்கு நெஞ்சு இப்படி நிறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடும் சண்டை போட்டிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கேனைத் தோளில் தூக்கி வைத்தார். வீட்டுக்குப் போகிற படியில் நாங்கள் இறங்க ஆரம்பித்ததும், "எதுக்குண்ணே அந்தச் சுமைய வீணாச் செமக்குறீங்க? அப்படியே கீழ ஊத்திட்டு வெறுங் கேனா எடுத்துட்டு வாங்க" என்றாள் புவனா.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நல்ல தண்ணிய யாராச்சும் கீழ ஊத்துவாங்களா?" என்றார்.

புவனாவுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. அவள் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.